கூட வந்தவருக்கும் நோட்டில் ஒரு பக்கம்

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம்.

நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில், வெண்ணாற்றங்கரையில் உள்ள ஓர் ஊரில் நான் அங்கன்வாடிப் பணியாளர். ஊர்க்காரர்கள் ‘டீச்சர்’ என்று கூப்பிடுவார்கள். 22 வருடமாக மாதம் தவறாமல் குழந்தைகளை எடைபோட்டு ரிஜிஸ்டரில் எழுதிவருகிறேன். எந்தப் பிள்ளை இளைத்திருக்கிறது என்பது தூக்கும்போதே கைக்குத் தெரிந்துவிடும். ஆனாலும் எழுதியாக வேண்டும். ரிஜிஸ்டரில் ஏறாத பிள்ளையைப் பற்றி மேலதிகாரி என்னிடம் கேட்க மாட்டார், அவரால் கேட்கவும் முடியாது. இந்த மடலை எழுத என்னைத் தூண்டியதும் ஒரு நோட்டுதான்.

என் வீட்டுக்காரர் கன்னத்தில் வந்த புற்றுநோயால் இறந்தார். கண்டுபிடித்தது ஓர் ஆடி மாதம், குறுவை நட்டுக் களையெடுக்கிற சமயம். இறந்தது அடுத்த வருடம் கார்த்திகையில். இடையில் 16 மாதம். மருத்துவமனையில் அவருக்குக் கொடுத்த நோட்டு இன்னும் என் பீரோவில் இருக்கிறது. எடை, ரத்தக் கவுண்ட், ஸ்கேன் தேதி, கீமோ ஏற்றிய நாட்கள், 33 நாள் கரண்ட் (கதிர்வீச்சு) வைத்ததற்கு 33 சின்னக் கையெழுத்து என்று எல்லாமே அதில் உண்டு. இரண்டு வேளை மலம் கழித்தாரா என்பதுகூட இருக்கிறது. நான் அதில் ஒரே ஓர் இடத்தில் வருகிறேன். முதல் பக்கத்தில், ‘உடன் இருப்பவர்: மனைவி’ என்று. பெயரை யாரும் கேட்கவில்லை.

மருத்துவமனையில் எங்களுக்கு ஒரே பெயர்தான், அட்டெண்டர். “அட்டெண்டர் யாரு, இந்தச் சீட்டை எடுத்துட்டு லேபுக்குப் போங்க.” “அட்டெண்டர் ஒருத்தர்தான் இருக்கணும், மத்தவங்க வெளியில.” ராத்திரி கட்டிலுக்குக் கீழே பாயை விரித்துப் படுப்போம், விடிகாலையில் கூட்ட வருவதற்குள் சுருட்டிவிட வேண்டும். அங்கே வேலை செய்கிறவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. ஒரு செவிலியர் எத்தனை கட்டிலைப் பார்க்க வேண்டியிருக்கிறது என்று நான் கண்ணால் பார்த்தவள். நான் சொல்ல வந்தது வேறு.

பயாப்ஸி ரிப்போர்ட் வந்த அன்று அவரை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, என்னையும் என் கொழுந்தனாரையும் மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. “புற்றுநோய்தான். கழுத்துக்கும் போயிருக்கு. அவர்கிட்ட நீங்களே பக்குவமா சொல்லிக்கோங்க.” அதற்குள் அடுத்தவர் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். வராந்தாவில் கொழுந்தனார் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று அழுதார். “அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க அண்ணி. தாங்க மாட்டாரு.”

அங்கே ஆரம்பித்தது அந்தப் பொய். வாய்ப்புண் முற்றிவிட்டது, கரண்ட் வைத்தால் ஆறிவிடும் என்று அவரிடம் சொன்னேன். மாமியாரிடம் பல்லில் ஏதோ கோளாறு என்றேன். மகள்கள் இருவரிடமும் பாதி உண்மை. யாரிடம் எதைச் சொல்லியிருக்கிறேன் என்று ஞாபகம் வைத்துக்கொள்வதே ஒரு தனி வேலையாகிப் போனது. போன் வந்தால் கொல்லைப்பக்கம் எடுத்துக்கொண்டு போய்ப் பேசுவேன். அழ வேண்டுமென்றால் அங்கன்வாடியில், பிள்ளைகள் மத்தியானம் தூங்கும்போது அழுவேன்.

அவர் எட்டாவது வரை படித்தவர். கரண்ட் வைக்கிற கட்டடத்தின் வாசலில் ‘புற்றுநோய்’ என்று பெரிதாக எழுதியிருக்கும். 33 நாளும் அந்த எழுத்துக்குக் கீழேதான் உட்கார்ந்திருந்தோம். அவர் ஒரு நாளும் அதைப் பற்றிக் கேட்கவில்லை, நானும் அந்தப் பக்கம் நிமிர்ந்து பார்க்கவில்லை. மாசியில் சம்பா அறுவடை முடிந்த நேரம் அவருக்குப் பேச்சு குழறிவிட்டது. அங்கன்வாடியிலிருந்து ஒரு சிலேட்டு கொண்டுவந்து கொடுத்திருந்தேன். தண்ணி, வலி, ஃபேன் என்று அதில் எழுதிக் காட்டுவார். ஒரு நாள் ராத்திரி எழுதினார்: ‘எனக்கு முதல்லேயே தெரியும். நீ கஷ்டப்படுவேன்னு கேக்கல.’

ஏழு மாதம் ஒரே வீட்டுக்குள் ஆளுக்கொரு மூலையில் அதே சுமையைத் தனித்தனியாகத் தூக்கியிருக்கிறோம். அவர் வாய்விட்டுப் பேச முடிந்த மாதங்கள் அவை. ஆறு மா நிலத்தை என்ன செய்வது, சின்னவள் கல்யாணத்தை எப்படி நடத்துவது, தன்னை எங்கே வைத்து எரிக்க வேண்டும், எல்லாவற்றையும் அவர் குரலிலேயே கேட்டிருக்கலாம். சிலேட்டில் எத்தனை எழுத முடியும்? ரிப்போர்ட் வந்த அன்று, இந்தப் பேச்சைப் பேசப் பழகிய ஒருவர் எங்கள் இருவரையும் ஒன்றாக உட்காரவைத்து அரை மணி நேரம் பேசியிருந்தால் போதும். ‘பக்குவமா சொல்லிக்கோங்க’ என்பது எளிது. பெரிய மருத்துவர்களுக்கே பயிற்சி தேவைப்படுகிற வேலை அது, அதை நேற்றுவரை நாற்றுக்கட்டு தூக்கிய ஒருத்தியிடம் ஒப்படைத்துவிட்டு அடுத்த சீட்டைக் கூப்பிடுகிறோம்.

பிறகு புண். கன்னம் ஓட்டையாகி, வெளியே தெரிய ஆரம்பித்தது. வாடையைப் பற்றிச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது, ஆனால் சொல்லாமல் விட்டால் இந்த மடலுக்கு அர்த்தமில்லை. பார்க்க வருகிறவர்கள் சாத்துக்குடியும் ஹார்லிக்ஸும் கொண்டுவந்து திண்ணையிலேயே வைத்துவிட்டு, முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, “நல்லா பாத்துக்கம்மா” என்று சொல்லிவிட்டுப் போவார்கள். தனித் தட்டு, தனி டம்ளர் வைக்கச் சொன்ன உறவுகளும் உண்டு. புற்றுநோய் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது என்று அவர்களிடம் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனேன். சாம்பிராணி போடுவேன், வேப்பிலை கட்டுவேன். எனக்கே சில நாள் குமட்டும். கட்டின புருஷனைக் கண்டு குமட்டுகிறதே என்று கொல்லையில் நின்று தலையில் அடித்துக்கொண்டிருக்கிறேன்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வருகிற நோய் ஆதரவுச் சிகிச்சைச் (குணமாக்க முடியாத நோயிலும் வலியையும் அவதியையும் குறைக்கிற சிகிச்சை) செவிலியர் எங்கள் வீட்டுக்கு முதன்முதலில் வந்தது வைகாசியில். 2021 ஆகஸ்டில் தொடங்கிய இந்தத் திட்டத்துக்கு நான் நன்றி சொல்லியாக வேண்டும். மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவலாம், வாடை அடங்கும் என்று அந்தப் பெண் சொன்னாள். எழுதி வாங்கினோம், நான்கைந்து நாளில் வீடு மறுபடி வீடாக ஆனது. மூக்குக் குழாயில் கஞ்சி ஊற்றும்போது தலையை எவ்வளவு உயர்த்தி வைக்க வேண்டும், வலிக்கு மார்ஃபின் கொடுத்தால் மலச்சிக்கல் வரும், அதற்கும் சேர்த்தே மருந்து வேண்டும், எல்லாம் அவள் சொல்லிக் கொடுத்ததுதான். மார்ஃபின் மாத்திரையை நாலு மணிக்கொரு தரம் கொடுக்க வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்துகொண்டிருந்தேன். படுக்கும்போது இரட்டை அளவாகக் கொடுத்து நடுராத்திரி மாத்திரையைத் தவிர்க்கிற முறை ஒன்று இருக்கிறதாம், மருத்துவரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றாள், கேட்டும் சொன்னாள். ஒரு வருடம் கழித்து அன்றைக்குத்தான் நான் ஐந்து மணி நேரம் சேர்ந்தாற்போலத் தூங்கினேன்.

அவள் முதல் நாள் வந்தபோது நடந்ததைத்தான் தங்களிடம் சொல்ல வேண்டும். வலி எத்தனை, புண் எப்படி, தூக்கம் எப்படி என்று அவரைப் பற்றிய எல்லாவற்றையும் கேட்டு எழுதி முடித்தாள். பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “டீச்சர், நீங்க தூங்குறீங்களா?”

அந்த 11 மாதத்தில் என்னை யாரும் அப்படிக் கேட்கவில்லை. என் தாய் கேட்கவில்லை, மகள்கள் கேட்கவில்லை. அவர்களுக்கும் அவரைப் பற்றித்தான் கவலை. எனக்கு வந்த அழுகையைப் பார்த்து அந்தப் பெண்ணே பயந்துவிட்டாள். அவளுக்கு இன்னும் நாலு வீடு பாக்கி இருந்தது, வண்டி வாசலில் நின்றது. போகும்போது, “ஃபார்ம்ல உங்களைப் பத்தி எழுத இடமே இல்ல டீச்சர்” என்றாள். ஏதோ அவள் செய்த குற்றம் போலச் சொன்னாள்.

என் வேண்டுகோள் இதுதான். அந்த ஃபார்மில் இடம் வையுங்கள்.

கூட இருப்பவரின் பெயர், வயது, அவருக்குள்ள வியாதி, அவர் சாப்பிடும் மாத்திரை, வீட்டில் அவரை மாற்றிவிட வேறு ஆள் உண்டா என்பது. இவ்வளவும் ஒரு பக்கத்தில் அடங்கும். எனக்கே ரத்தக் கொதிப்பு உண்டு. அவரது மாத்திரைகளை மணி பார்த்துக் கொடுத்த நான் என் மாத்திரையை எத்தனையோ நாள் மறந்திருக்கிறேன். அதோடு இரண்டு கேள்வி. என் பெரிய மகள் நர்ஸிங் படிக்கிறாள், அவள் சொல்லித் தெரிந்துகொண்டேன். கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் நாட்டமில்லாமல் இருந்ததா? மனம் சோர்ந்து, இனி என்ன என்று தோன்றியதா? மனச்சோர்வைக் கண்டுபிடிக்க உலகம் முழுவதும் முதலில் கேட்பது இந்த இரண்டைத்தானாம். பராமரிப்பவரின் சுமையை அளக்க 22 கேள்வி கொண்ட பட்டியல் ஒன்றும் உண்டு, ஸாரிட் என்ற அமெரிக்க உளவியலாளர் பெயரில். ஆனால் நாலு வீடு பாக்கியிருக்கிற செவிலியரிடம் 22 கேள்வியைக் கொடுப்பது நியாயமில்லை. இரண்டு போதும். ‘ஆமாம்’ என்று பதில் வந்தால் எங்கே அனுப்ப வேண்டும் என்பது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அனுப்ப இடமில்லை என்று சொல்ல முடியாது. மாவட்ட மனநலத் திட்டத்தை 1996-ல் மத்திய அரசு நாட்டில் நான்கே மாவட்டங்களில் தொடங்கியபோது அவற்றில் ஒன்று நம் திருச்சி. 2022 அக்டோபரிலிருந்து மனநல உதவிக்கு 14416 என்ற இலவச எண் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம். அது எனக்குத் தெரிந்தது அவர் இறந்த பிறகு. புற்றுநோய் வார்டின் சுவரில், அட்டெண்டர்கள் உட்காருகிற பெஞ்சுக்கு எதிரே அந்த எண்ணைப் பெரிதாக எழுதிவைக்க என்ன செலவாகிவிடும்? போன் செய்கிற நிலைமையில்கூட இல்லாதவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் வீடு தேடி வருகிற அந்தப் பெண்ணிடம் கேள்வியைக் கொடுங்கள் என்கிறேன்.

இது புதிய கோரிக்கையும் அல்ல. ஆதரவுச் சிகிச்சை என்றால் என்ன என்று உலக சுகாதார நிறுவனம் 2002-ல் எழுதிய விளக்கத்திலேயே நோயாளியோடு குடும்பமும் சேர்ந்திருக்கிறது. நோயின்போது மட்டுமல்ல, இறப்புக்குப் பிறகான துக்கத்திலும் குடும்பத்துக்குத் துணை நிற்க வேண்டும் என்று அதில் உண்டு. கோழிக்கோட்டில் 1993-ல் சில மருத்துவர்கள் தொடங்கிய முயற்சி, ஊர்க்காரர்களே தன்னார்வலர்களாக வீடுவீடாகப் போகும் அளவுக்குக் கேரளம் முழுவதும் பரவியது. 2008-ல் அந்த மாநில அரசு அதற்கென ஒரு கொள்கையே வகுத்தது. ரயில்வேயைப் பாருங்கள், சிகிச்சைக்குப் போகிற புற்றுநோயாளிக்குக் கட்டணச் சலுகை கொடுக்கும்போது கூடப் போகிறவருக்கும் சேர்த்தே கொடுக்கிறது. தனியாக அனுப்ப முடியாது என்பது டிக்கெட் கவுண்டருக்குத் தெரிந்திருக்கிறது. மருந்து என்ற அதிகாரத்தை முடிக்கும் குறளில் வள்ளுவர் நோயாளி, மருத்துவர், மருந்து ஆகிய மூன்றோடு நிறுத்தவில்லை, ‘உழைச்செல்வான்’ என்று பக்கத்தில் இருந்து பார்ப்பவரையும் சேர்த்து நாலாக்குகிறார். நம் நோட்டில் மூன்றுக்குத்தான் கட்டம் போட்டிருக்கிறோம்.

அடையாறு புற்றுநோய் மருத்துவமனை எப்படி வந்தது என்பது தங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எங்கள் டெல்டாவை ஒட்டிய புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்தத் துயரத்திலிருந்து 1954-ல் எழுந்த கட்டடம் அது. எத்தனையோ பேர் அங்கே பிழைத்து வந்திருக்கிறார்கள். அப்படி ஒரு தொடக்கம் நம் மாநிலத்துக்கு இருப்பதால்தான் இதைத் துணிந்து கேட்கிறேன்.

இனி சொல்லப்போவதை என் மகள்களிடம்கூட நான் சொன்னதில்லை. ஐப்பசியில் அடைமழை பிடித்திருந்தது. வயலிலும் தெருவிலும் தண்ணீர், கரண்ட் இல்லை. அவர் வலியில் அனத்திக்கொண்டிருந்தார். அன்றைக்கு விளக்குக்கு முன்னால் உட்கார்ந்து, ‘இவரைச் சீக்கிரம் எடுத்துக்கொள்’ என்று வேண்டினேன். திருந்துதேவன்குடி நண்டாங்கோயிலுக்குப் போய் அவரைப் பிழைக்கவைக்கச் சொல்லி வேண்டிக்கொண்டு வந்தவளும் நான்தான், இதைக் கேட்டவளும் நான்தான். மூன்று வாரத்தில் அவர் போய்விட்டார். என் வேண்டுதல்தான் அவரைக் கொன்றது என்று பல மாதம் நம்பினேன். வீட்டிலே இருந்து பார்த்துக்கொள்கிற பலருக்கும் இந்த நினைப்பு வரும், அது பாவம் இல்லை, களைப்பிலும் பாசத்திலும் வருவது என்று பிறகு அதே செவிலியர்தான் சொன்னாள். வழியில் என்னைப் பார்த்து வண்டியை நிறுத்தியதால் சொன்னாள். வீட்டுக்கு வர அவளுக்கு வழியில்லை. நோயாளி இறந்ததும் பட்டியலிலிருந்து அந்த வீடே அடிபட்டுவிடுகிறது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தல் பிரித்த பிறகுதான் வீடு வெறிச்சிடும். ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம் இல்லாமலே விழிப்பு வரும். மாத்திரைக்குக் கை போகும், கட்டில் காலியாக இருக்கும். மகளிர் குழுத் தவணையும் கூட்டுறவு வங்கியில் வைத்த நகையும் அப்போதுதான் கண்முன் வந்து நிற்கும். காப்பீட்டுத் திட்டத்தால் சிகிச்சைக்கு நாங்கள் பணம் கட்டவில்லை, அதை மறக்க மாட்டேன். ஆனால் விட்டுப்போன கூலிக்கும், போய்வந்த வண்டிக்கும் காப்பீடு கிடையாது. அந்த நாட்களில் ஒருவர் வந்து வாசலில் உட்கார்ந்தால் போதும். இறந்து ஒரு மாதத்தில் ஒரு முறை, மூன்று மாதத்தில் ஒரு முறை என்று அந்தச் செவிலியரின் பயண அட்டவணையில் இரண்டு வருகையைச் சேர்க்கும்படி கேட்கிறேன். 1999-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வைப் பற்றி மகள் சொன்னாள். வயதான வாழ்க்கைத் துணையைப் பராமரித்து, அந்தச் சுமையால் மன அழுத்தத்துக்கு ஆளானவர்கள், அப்படிப் பராமரிக்கும் நிலை இல்லாதவர்களைவிட நான்கு ஆண்டுக்குள் இறக்கும் வாய்ப்பு 63 சதவீதம் அதிகமாக இருந்ததாம். அது நம் ஊர்க் கணக்கு இல்லை, புற்றுநோய்க்கு மட்டுமான கணக்கும் இல்லை. நம் ஊரில் கணக்கெடுக்க வேண்டுமென்றால் முதலில் எங்கள் பெயர் எங்காவது எழுதப்பட்டிருக்க வேண்டும்.

எல்லோரும் பெண்கள்தான் என்றும் நினைத்துவிடாதீர்கள். பக்கத்து ஊரில் ஒரு பையன், பிளஸ் டூ படிக்கிறவன், கர்ப்பப்பைவாய்ப் புற்று வந்த அம்மாவுக்குத் துணி மாற்றிவிட்டுப் பள்ளிக்கூடம் போகிறான். அப்பா திருப்பூரில் வேலை. அவன் யாரிடமும் பேசுவதில்லை என்று அவனுடைய பாட்டி வந்து என்னிடம் சொல்லி அழுகிறார். ஆண்பிள்ளை, அழக் கூடாது என்று அவனுக்குச் சொல்லி வளர்த்திருக்கிறோம். பள்ளியில் அவன் ஏன் தினமும் தாமதமாக வருகிறான் என்று கேட்ட ஆசிரியரிடம், பஸ் கிடைக்கவில்லை என்றானாம்.

மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் தஞ்சாவூரிலும் திருவாரூரிலும் நாகப்பட்டினத்திலும் இருக்கின்றன. ஆரம்ப சுகாதார நிலையங்கள் எங்கள் எல்லா ஊருக்கும் எட்டும் தூரத்தில் இருக்கின்றன. ஆதரவுச் சிகிச்சை வண்டி ஏற்கெனவே எங்கள் தெருவில் ஓடுகிறது. ஆகவே டெல்டா மாவட்டங்களிலேயே முதலில் செய்து பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். பக்கத்தை அச்சடிக்கத் தாமதமாகும் என்றால், அதுவரை இருக்கிற ஃபார்மின் பின்பக்கத்தில் எழுதிக்கொள்ளலாம் என்று ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். கேட்கிற மனசு அந்தச் செவிலியர்களிடம் இருக்கிறது, அதை நான் பார்த்திருக்கிறேன். கேட்பதும் அவர்கள் வேலைதான், அதற்கு நேரம் எடுத்துக்கொள்ளலாம் என்று மேலிருந்து ஒரு சொல் வந்தால் போதும்.

வருகிற வியாழக்கிழமை அந்த வண்டி பையன் வீட்டுக்குப் போகிறது. அம்மாவின் வலியைக் கேட்டு எழுதிய பிறகு, வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிற அவனிடமும் ஒரு வார்த்தை கேட்கச் சொல்லி நான் செவிலியரிடம் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் அங்கன்வாடிப் பணியாளர்,
நீடாமங்கலம் வட்டாரம், திருவாரூர் மாவட்டம்.